ரைட்டர் பொன்னுவேலும் ஒன்பதாம் அத்தியாயமும்

"எந்தப் புஸ்தகமும் என்னை ஒண்ணும் பண்ண முடியாதுங்க. முந்நூறு நாவல் படிச்சிருக்கேன். ஒரு நூலளவு மாறியிருப்பனா?"

ஒண்டிக்கடை முக்கில் இருந்த டீக்கடையில் பொன்னுவேல் இப்படி முழங்கியபோது எதிர்த்துப் பேச ஆளில்லை. பேருண்மை அது. நாகலூர்ப் பக்கத்துக் காபி எஸ்டேட் ஒன்றில் இருபத்தாறு வருடமாக, பேர் கூப்பிட்டுக் கணக்கெழுதும் ரைட்டராக இருப்பவர், முந்நூறு நாவலுக்குப் பிறகும் முதல் நாள் போலவே இருந்தார்.

முந்நூற்று ஓராவதை டீக்கடை பாக்கியநாதன் கொடுத்தார். அரசியல் மர்ம நாவல். இரண்டு அமைச்சர்கள் கொல்லப்பட்டார்கள். பொன்னுவேல் வறுத்த கடலை தின்றார். தலைநகரில் குண்டு வெடித்தது. கடலைத் தோலை ஊதினார். ஒன்பதாம் அத்தியாயத்தில் ஒரு குமாஸ்தா வந்தான். கூட்டத்துக்குப் போனவர்களின் பெயர்களை எழுதி மேலதிகாரியிடம் கொடுத்தான். அவர்கள் காணாமல் போனார்கள். அவன் டீ குடிக்கப் போனான். அவ்வளவுதான். பொன்னுவேல் கடலைப் பொட்டலத்தை மடித்து வைத்தார்.

மறுநாள் புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்து விமர்சனமும் வழங்கினார்.

"குமாஸ்தா பாத்திரம் நம்பும்படியா இல்லீங்க."

"ஏனுங்க, எனக்கு அவனொருத்தன்தான் நெசமாப் பட்டான்," என்றார் பாக்கியநாதன். "நம்ம ஊர்லயே பாத்தாப்புல இருந்துச்சு."

சிரித்தது அவர் ஒருவர்தான்.

போன மாதம், காபிப் பழம் பறிக்கும் பெண்கள் தோட்டத்துக்குள் ஒரு கழிப்பறை கேட்டார்கள். யார் கிளப்பிவிட்டது என்றார் மேனேஜர். பொன்னுவேல் துண்டுச் சீட்டில் 'மேனகா' என்று எழுதிக் கொடுத்தார். எஸ்டேட்டில் இதைக் காட்டிக்கொடுப்பது என்று சொல்வதில்லை. நிர்வாகத்துக்கு ஒத்துழைப்பு என்பார்கள். மறுநாளிலிருந்து மேனகாவுக்கு வேலை இல்லை.

புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்த அன்று மாலை, பொன்னுவேல் கொட்டச்சேடு கிராமத்தில் அவள் வீட்டு வாசலில் போய் நின்றார்.

"உம்பேரை எழுதிக் குடுத்தது நான்தான் கண்ணு."

"தெரியுமுங்க." மேனகா நிமிராமல் துணியை உதறிக் கொடியில் போட்டாள். "தெரிஞ்சவகிட்டயே வந்து எதுக்குங்க சொல்றீங்க?"

மறுநாள் காலை பேர் கூப்பிடும் நேரம். நாற்பது பெண்கள் கூடையோடு நின்றார்கள். மேனேஜர் ஜீப்பில் சாய்ந்திருந்தார். மலைச்சரிவு முழுக்கக் கேட்கும் ரைட்டர் குரல், அன்று முன்வரிசைக்கே சரியாகக் கேட்கவில்லை.

"மேனகாவ மாட்டிவிட்டது நானுங்க. அந்தப் புள்ள கேட்டதுல தப்பில்லீங்க. வேலைக்குத் திரும்பக் கூப்புடோணுங்க."

"என்ன ரைட்டரே, திடீர்னு?"

பொன்னுவேல் தலை குனிந்துகொண்டார்.

"ஒரு புஸ்தகம் படிச்சனுங்க."