இன்னைக்கோ நாளைக்கோ

பழைய நகரத்துச் சந்துகளை இலவசமாகச் சுற்றிக் காட்டும் அவளுக்கு அக்கம்பக்கம் வைத்த பெயர் வாயாடி. கட்டணம் கிடையாது, மனமிருந்தால் கடைசியில் கையில் ஏதாவது வைக்கலாம். அதனால் பேச்சில் உப்பும் உறைப்பும் தூக்கலாகவே இருக்கும். பாவம், வெறும் கல்லையும் சுண்ணாம்பையும் காட்டினால் எவன் நிற்பான்?

அவளுடைய துருப்புச்சீட்டு கடைசி வீடு. தெருப்பக்கம் சாய்ந்த மாடி வீடு. "தள்ளி நில்லுங்க! இன்னைக்கோ நாளைக்கோன்னு நிக்குது. தும்மினா போச்சு!" என்பாள். கூட்டம் சிரித்தபடி பின்வாங்கும். அது அவள் பிறந்த வீடு என்று மட்டும் சொல்லமாட்டாள். அவள் பிறப்பதற்கு முன்பே சாய்ந்தது; அப்புறம் மயிரிழை அசையவில்லை. இடுப்பொடிந்த அக்கா மாடி ஜன்னலோரம் படுத்தபடி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருப்பாள்.

"தவளை தன் வாயால கெடுமாம். உனக்கு உறைக்குதாடி?"

"நீ சும்மா கெட, அக்கா. நம்ம வீட்டுக்குத்தான் இவ்ளோ கிராக்கி!"

கூட்டத்தில் ஒரு சாம்பல் சட்டைக்காரன் எப்போது வந்து சேர்ந்தான் என்று அவள் கவனிக்கவில்லை. வாரம் தவறாமல் வந்தான். மற்றவர்கள் கதவுச் சிற்பத்தைப் பார்ப்பார்கள். அவன் சுவரின் விரிசலைத் தடவுவான். ஒரு முறைகூடச் சிரித்ததில்லை. கடைசி வீட்டருகே ஒருநாள் கைபேசியை அவள் வாயருகே நீட்டினான்.

"இன்னொரு தடவை சொல்லுங்க மேடம், சரியா கேக்கல."

கேட்க ஆள் கிடைத்தால் விடுவாளா? குரலை உயர்த்தி எல்லாவற்றையும் மறுபடி சொன்னாள், புதிதாக ஒன்றும் சேர்த்தாள். "உள்ள இருக்கறவங்க உசிரைக் கையில பிடிச்சிட்டு இருக்காங்க, சார்!"

அடுத்த வாரம் ரொட்டிக்கடைச் சுவரில் சிவப்புப் பெருக்கல் குறி முளைத்திருந்தது. அந்தக் கடையின் உத்தரத்தைக் கரையான் அரித்துவிட்டது என்று அளப்பது அவள் வழக்கம். தையற்கடைச் சுவரிலும் அதே குறி. படி உள்வாங்குகிறது என்று அங்கே கதை விட்டிருந்தாள். இந்தச் சந்து முழுவதையும் வளைத்துப் போட்டு ஹோட்டல் கட்ட யாரோ அலைகிறார்கள் என்று தையற்காரர் எப்போதோ சொன்னது ஞாபகம் வந்தது. கூட்டத்தை நடுவழியில் விட்டுவிட்டு ஓடினாள்.

வீட்டுக் கதவில் சிவப்புச் சாயம் இன்னும் காயவில்லை. சாம்பல் சட்டைக்காரன் கழுத்தில் நகராட்சி அட்டை தொங்கியது.

"இது விழற கட்டடம். இன்னைக்குக் காலி பண்ணுங்க, நாளைக்கு இடிக்கிறோம்."

"யார் சார் சொன்னது? அண்டப்புளுகு! பாறை மாதிரி இருக்கு!"

அவன் கோபப்படவில்லை. கைபேசியை அழுத்தினான். 'தள்ளி நில்லுங்க! இன்னைக்கோ நாளைக்கோன்னு நிக்குது...' அவளுடைய குரல் சந்து முழுக்க எதிரொலித்தது.

மாடி ஜன்னலிலிருந்து அக்கா சிரித்தாள்.

"ஏன்டி, இன்னைக்கு சீக்கிரமே கூட்டத்தைக் கூட்டிட்டு வந்துட்டே?"