பெஞ்ச் வேண்டாம், ஓட்டம் வேண்டும்

போன மாதம் ஒரு வெள்ளிக்கிழமை, என் மகள் யாழினி பள்ளியிலிருந்து நொண்டிக்கொண்டே வந்தாள். முழங்காலில் தோல் உரிந்து ரத்தம்!

"ஒண்ணும் இல்லம்மா, லேசாதான்."

லேசா? அலமாக்... மருந்துப் பெட்டியை எடுக்க ஓடினேன்.

எங்கள் ஊர் கூலாயில் அவள் படிக்கும் இடைநிலைப்பள்ளியில் இந்த வருடம் புதிதாக ஸ்டீப்பிள்சேஸ் ஓட்டத்தைச் சேர்த்திருக்கிறார்கள். வழியெல்லாம் கட்டைத் தடுப்புகள், ஒரு தண்ணீர்க் குழி... அத்தனையும் தாண்டி ஓட வேண்டும். வழக்கமான தடை ஓட்டத்தில் கால் இடித்தால் தடை சாய்ந்துவிடும். இதில் தடுப்பு சாயாது — நாம்தான் சாய்வோம். பயிற்சிக்குத் தடுப்பாக எதை வைத்தார்கள் தெரியுமா? கேன்டீன் பெஞ்ச்! யாழினி கால் வைத்ததும் அது நழுவிவிட்டது.

என் வீட்டுக்காரர் ஒரே பேச்சில் முடித்தார். "ஓட்டமும் வேணாம், ஒண்ணும் வேணாம்."

யாழினி விடவில்லை. "அப்பா, தினமும் விடியறதுக்கு முன்ன மோட்டார் சைக்கிள் எடுத்துக்கிட்டு பாலம் தாண்டி சிங்கப்பூருக்கு வேலைக்குப் போறீங்க. என்னைக்காவது போகாதீங்கன்னு சொன்னோமா? ஹெல்மெட் போட்டுக்குங்கன்னுதானே சொல்றோம்?"

மனிதர் திரும்பித் தன் ஹெல்மெட்டைப் பார்த்தார். எனக்கும் அப்போதுதான் புத்தி தெளிந்தது.

திங்கட்கிழமை நானும் அவரும் பள்ளிக்குப் போனோம். விளையாட்டு ஆசிரியர் தேவா சார் தயங்கித் தயங்கிச் சொன்னார். "நிறைய பேரன்ட்ஸ் கம்ப்ளெய்ன் பண்ணிட்டாங்க. பொம்பளப் பிள்ளைங்களுக்கு மட்டும் நிறுத்திடலாம்னு இருக்கோம்லா."

எனக்கு வந்ததே கோபம்! "பையனுங்க கால் வச்சா மட்டும் பெஞ்ச் நழுவாதா சார்? பெஞ்சை நிறுத்துங்க. பிள்ளைங்கள ஏன் நிறுத்துறீங்க?"

"ஏதாவது ஆச்சுன்னா யாரும்மா பொறுப்பு?"

இதற்குப் பதில் சொன்னது என் வீட்டுக்காரர். "ஆகாம பாத்துக்கறதுதான் சார் பொறுப்பு. சரியான தடுப்பு வர்ற வரைக்கும் யாரும் தாண்ட வேணாம். ஆனா ஓட்டம் இருக்கணும். பையனுங்க, பொம்பளப் பிள்ளைங்க ரெண்டு பேருக்கும்."

தேவா சார் தலையாட்டும்வரை நாங்கள் நாற்காலியை விட்டு எழவில்லை!

ஸ்கூடாயில் ஒரு பள்ளியிலிருந்து முறையான தடுப்புகள் இரவல் வந்தன. முதலில் உயரத்தைக் குறைத்து, எப்படிக் கால் ஊன்றுவது என்று பழக்கினார்கள். அதற்கப்புறம்தான் தண்ணீர்க் குழி.

இந்தச் சனிக்கிழமை போட்டி நடந்தது. லீவு போட்டு வந்த என் வீட்டுக்காரர், ஓட்டம் தொடங்குவதற்கு முன் ஒவ்வொரு தடுப்பையும் பிடித்து ஆட்டிப் பார்த்தார். "மானம் போகுதுப்பா!" என்று தலையில் அடித்துக்கொண்டாள் யாழினி.

ஓடினாள். தண்ணீர்க் குழியில் ஒரு கால் மடங்கி, தொப்பென்று உட்கார்ந்தாள். என் உயிரே போய்விட்டது! இவர் என் மணிக்கட்டை இறுக்கிய இறுக்கில் வளையல் பதிந்தது. ஆனால் இருவரும் இடத்தை விட்டு அசையவில்லை. அவள் எழுந்தாள்... சொட்டச் சொட்ட ஓடினாள். நான்காவதாக வந்தாள்.

பயப்படாத பெற்றோர் உண்டா? பயப்படுவோம், தாராளமாக. ஆனால் அந்தப் பயத்தோடு போய்த் தடுப்பை ஆட்டிப் பார்ப்போம்... பிள்ளையைப் பிடித்து உட்கார வைக்க வேண்டாம்!