றோஸ் நிற விதைச் சோளம்

ஷார்ஜாவில் நான் வேலை பார்த்த நிவாரண அலுவலகத்தில், பசியைப் பற்றி ஏசி அறையில் பிஸ்கட் கடித்துக்கொண்டே பேசுவோம். அந்த வருடம், போர் முடிந்த ஓர் ஆப்பிரிக்க நாட்டுக்கு விதைச் சோளம் அனுப்பினோம். பூச்சி அரிக்காமலிருக்க நஞ்சு மருந்து பூசி, கண்டால் தெரியட்டும் என்று றோஸ் நிறச் சாயமும் ஏற்றிய சோளம். விதைத்தால் சில மாதத்தில் கதிர் வரும். அதுவரை சனம் எதைத் தின்பது என்று திட்டத்தில் ஒரு வரிகூட இல்லை.

எங்களுக்குத் தேநீர் போட்டவள் அந்த நாட்டுக்காரி. மகளை ஊரில் தன் தங்கையிடம் விட்டிருந்தாள். தங்கள் ஊருக்கும் விதை போகிறது என்று அறிந்த நாளில், கேட்காமலே எல்லோருக்கும் இரண்டாவது தேநீர் வைத்தாள். எனக்கு வைத்ததை நான் குடிக்கவில்லை.

இலங்கையில் எங்கள் போர் முடிந்து வன்னியில் மீள்குடியேறியபோது எங்களுக்கும் இப்படித்தான் மருந்து பூசிய விதைக் கச்சான், அதாவது நிலக்கடலை, தந்தார்கள். அடுப்பில் வைக்க ஒன்றுமில்லாத கொட்டிலில் விதை எத்தனை நாள் விதையாக இருக்கும்? சாயம் போனால் மருந்தும் போய்விடும் என்று நம்பி, கழுவிக் கழுவி அவித்துத் தின்றோம். வாந்தியும் வயிற்றோட்டமுமாகக் கிடந்தோம். தப்பியது எங்கள் நல்ல காலம்.

மேனேஜர் சென்னைக்காரர். அவரிடம் போய்ச் சொன்னேன்: “சேர், விதையோட அரிசியும் அனுப்பவேணும். இல்லாட்டிச் சனம் கழுவிப்போட்டுத் திண்டிடும். நாங்களும் திண்டனாங்கள்.”

அவர் சிரித்தார். “சாப்பிட்டும் நீங்க நல்லாத்தானே இருக்கீங்க?”

சாக்கில் மண்டையோட்டுப் படம் போட்டிருக்கிறது, சாப்பாடு வேறு ஆட்களின் வேலை என்று சொல்லி அனுப்பிவிட்டார். அந்த வாயில் கொள்ளி வைக்கலாம் போலிருந்தது எனக்கு.

தேநீர் போடுபவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் உடனேயே தங்கைக்குப் போன் எடுத்து, விதையைத் தின்னக் கூடாது என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். தங்கையும் சரி என்றாள். விதை போய்ச் சேர்ந்த பிறகு, தங்கை கூலிக்குப் போன ஒரு பகலில், பசி பொறுக்காமல் மகள் தானே சாயம் போகக் கழுவி அவித்துத் தின்றிருக்கிறாள். ஆஸ்பத்திரி ஒரு நாள் நடைதூரத்தில் இருந்தது. பாதி வழியில் பிள்ளை செத்துப்போனது. தாய் லீவு கேட்டாள், அவளுடைய விசாவைக் கையில் வைத்திருந்த கபீல் ‘மாஃபி’, இல்லை, என்றான்.

விதை கொடுத்தபோது எடுத்த படங்கள் அடுத்த மாதம் வந்தன. மேனேஜர் நல்லதாக ஒன்றைத் தெரிந்தெடுத்துப் பெரிதாக்கி, கண்ணாடி போட்டு வரவேற்பறையில் மாட்டினார். முன்வரிசையில் சாக்கைக் கட்டிப்பிடித்துச் சிரித்துக்கொண்டு நின்றது தன் மகள் என்று தேநீர் கொண்டுவந்தவள் எனக்குக் காட்டினாள். யாருடைய பிள்ளை என்று அவரிடம் சொன்னேன். பாவம் என்றார். பிரேம் போட்டாச்சே என்றார்.

வேலை போனால் போகட்டும் என்று நானே கழற்றப் போனேன். அவள் என் கையைப் பிடித்தாள். தனக்குத் தெரிந்த அரபியில் மெதுவாகச் சொன்னாள்: “இருக்கட்டும், சகோதரி. இவளுடைய வேறு படம் என்னிடம் இல்லை.”

படம் இன்னும் அங்கேதான் இருக்கிறது. காலையில் அவள்தான் கண்ணாடி துடைக்கிறாள். விருந்தினர் வந்தால் மேனேஜர் அந்தச் சிரிப்பைத் தொட்டுக் காட்டி விளக்கம் சொல்வார். அவர் சொல்லி முடியும்வரை அவள் தேநீர்த் தட்டோடு பக்கத்தில் நிற்பாள்.