முகம் தொடும் மாமி

அடுத்தவர் முகத்தைத் தொடுவதற்கு முன் அனந்தலக்ஷ்மி தன் இரண்டு உள்ளங்கைகளையும் தன் கன்னத்திலேயே வைத்துப் பார்ப்பாள். சூடு போதாவிட்டால் வெந்நீரில் இன்னொரு தரம் நனைத்துத் துடைத்துக்கொள்வாள். வளையல்களை மேலே தள்ளி நூலால் கட்டிவிடுவாள். எதிரே மணையில் உட்கார்ந்திருக்கும் பெண்மணி இதற்குள் பாதி பயந்துபோயிருப்பாள். "பல்லைப் பிடுங்கப் போறதில்லை மாமி. தோளைத் தொங்க விடுங்கோ. ஆஸ்தே, ஆஸ்தே" என்பாள் இவள். மெதுவாக என்பதற்கு அந்த வங்காளிச் சொல்தான் அவள் வாயில் வரும். ஊர்ச் சொல் அந்த வேலைக்கு ஒத்துவருவதில்லை.

அவள் கணவர் பட்டாபிராமன் கார்டன் ரீச்சில் ரயில்வே ஆபீஸ் குமாஸ்தா. கல்யாணமாகிக் கல்கத்தா வந்த முதல் வெயிலிலேயே அவள் முகமெல்லாம் கட்டியாகப் புறப்பட்டுவிட்டது. அவர்கள் இருந்த மாடிக்குக் கீழே மிஸஸ் ரொஸாரியோ என்ற கலப்பு வம்சத்துச் சட்டைக்கார விதவை குடியிருந்தாள். சௌரங்கியில் வெள்ளைக்காரச் சீமாட்டிகளுக்கு முகத்துக்கு அழகு செய்யும் கடையொன்றில் வேலை செய்தவள். முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு படியிறங்கிய பெண்ணை ஒரு நாள் கையைப் பிடித்து உள்ளே இழுத்து உட்கார வைத்தாள். அன்று தொடங்கி மூன்று வருஷம், மத்தியானம் ஆனால் அனந்தலக்ஷ்மி அந்த வேலையைக் கற்றுக்கொள்ளக் கீழே போய்விடுவாள். பிறகு அந்த அம்மாள் மகளோடு இருப்பதற்காகப் பம்பாய்க்குப் போய்விட்டாள். இப்போதும் பன்னீர்ச் சீசாவைத் திறந்தால் அனந்தலக்ஷ்மி ஒரு நிமிஷம் மூடியைக் கையில் பிடித்தபடி நின்றுவிடுவாள். பச்சை மரச் சட்டம் போட்ட அந்த ஜன்னல், ஆற்றில் கப்பல் ஊதுகிற சத்தம், வாயில் கொண்டை ஊசியைக் கடித்துக்கொண்டு மிஸஸ் ரொஸாரியோ முணுமுணுக்கும் பாட்டு எல்லாம் அந்த வாசனையோடு வந்துவிடும். "அவ இருந்தா இதை இன்னும் நன்னாப் பண்ணியிருப்பா" என்று யாரிடமும் இல்லாமல் சொல்லிக்கொள்வாள்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஒன்பதில், முகத்துக்கென்று ஒருத்தி வீடு தேடி வருவாள் என்பதே நம்மவர்களுக்குப் புதுச் சேதி. வங்காளி வீடுகளில் காலைத் தேய்த்துச் செம்பஞ்சு பூச வரும் நாவிதப் பெண்ணை நாப்தினி என்பார்கள். நம் மாமிகள் அந்தப் பெயரை அனந்தலக்ஷ்மிக்கு வைத்தார்கள். பட்டாபிராமன் டிராம் வரும் இடம் வரை அவளுடைய பிரம்புக் கூடையைத் தூக்கி வருவார். ஆனால் அது யாருடையதோ என்பதுபோல் பத்தடி முன்னால் நடப்பார்.

முதல் தடவை வருகிறவர்களுக்கு அவளிடம் சில சட்டங்கள் உண்டு. விசேஷத்தன்று செய்துகொள்ளக் கூடாது, மூன்று நாள் முன்பே செய்துவிட வேண்டும். எதைப் பூசுவதானாலும் முந்தின நாள் காதுக்குப் பின்னால் ஒரு பொட்டு வைத்துப் பார்க்க வேண்டும். பிறகு பாலில் நனைத்த மல்துணியால் துடைப்பது. அதன் பின் ஆவி, அதுவும் முகம் வேர்க்கிற மட்டும்தான். வாதுமை எண்ணெய் தொட்டுக் கீழிருந்து மேலாகத் தடவுவது. கடைசியில் முல்தானி மண்ணும் பன்னீரும் குழைத்துப் பூசும் பத்து. பத்து காயும் வரை பேசக் கூடாது, சிரிக்கவும் கூடாது. இந்தக் கடைசிச் சட்டத்துக்குத்தான் மாமிகள் யாரும் அடங்குவதில்லை.

அந்த வருஷம் ஆவணியில் டாலிகஞ்சிலிருந்து ஆள் வந்தது. பாங்கில் உத்தியோகம் பார்க்கும் வாஞ்சிநாதனின் மனைவி ஜெயலக்ஷ்மி கூப்பிடுகிறாள் என்று. டிராமில் ஏறிக் காளிகாட்டில் மாறி அனந்தலக்ஷ்மி போய்ச் சேர்ந்தபோது, அந்த அம்மாள் உள் அறையில் ஜன்னலைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

விஷயம் இதுதான். மகன் சிவராமகிருஷ்ணன் கப்பல் கட்டும் படிப்புக்காகக் கிளாஸ்கோ போகிறான். நான்கு வருஷம். போகும்போது அம்மாவின் போட்டோ வேண்டும் என்கிறான். ஜெயலக்ஷ்மி வாழ்நாளில் போட்டோ எடுத்துக்கொண்டதில்லை. அவனைப் பெற்றபின் இரண்டு கன்னத்திலும் படர்ந்த கறுத்த மங்குதான் காரணம். அது போகவேண்டும் என்று தெருவில் விற்ற வெள்ளைக் களிம்பு ஒன்றை யாருக்கும் தெரியாமல் ஒரு வாரம் பூசியிருக்கிறாள். முகம் சிவந்து, தோல் உரிந்து, தண்ணீர் பட்டால் எரிந்தது.

அனந்தலக்ஷ்மி ஜன்னலைத் திறந்து பார்த்தாள். கூடையைத் திறக்கவில்லை.

"இன்னிக்குக் கை வைக்க மாட்டேன் மாமி."

"என்ன சொல்றேள்? பத்தே நாள்தான் இருக்கு. அப்புறம் அவன் போயிடுவான்!"

"எரியற தோலைத் தேச்சா இன்னும் கறுக்கும். அந்தக் களிம்பைக் கொண்டு வாங்கோ."

டப்பாவை வாங்கித் துணியில் சுற்றித் தன் கூடைக்குள் போட்டுக்கொண்டாள். ஆறிய வெந்நீரில் துணி நனைத்துப் போடச் சொன்னாள். சோப்பு ஆகாது, வெயில் ஆகாது, அஞ்சு நாளைக்கு அடுப்படிப் பக்கம் தலைகாட்டவே கூடாது என்றாள்.

"நன்னாயிருக்கே! பின்னே யார் சமைப்பா?"

"உங்க பிள்ளை. சீமையிலே அவன்தானே பொங்கிச் சாப்பிடணும்?"

அந்த ஐந்து நாளும் டாலிகஞ்ச் வீட்டில் சிவராமகிருஷ்ணன்தான் சமைத்தான். அம்மா கூடத்தில் ஈரத்துணியும் முகமுமாக உட்கார்ந்துகொண்டு, "புளியைக் கரைச்சியா? பெருங்காயத்தைப் பொரிச்சுப் போடு, கருக்கிடாதே" என்று குரல் கொடுப்பாள். முதல் நாள் ரசத்தை வாஞ்சிநாதன் தொடவில்லை. நான்காம் நாள் இரண்டாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

ஆறாம் நாள் எரிச்சல் அடங்கியிருந்தது. அனந்தலக்ஷ்மி துடைத்தாள். ஆவியை மட்டும் வேண்டாமென்று விட்டுவிட்டாள். உள்ளங்கைச் சூட்டோடு விரல்களை மோவாயில் வைத்து, வாயோரம், கன்னம், நெற்றிப்பொட்டு என்று மேலே மேலே கொண்டுபோனாள். ஜெயலக்ஷ்மியின் புருவத்துக்கு நடுவில் இருந்த முடிச்சு கொஞ்சம் கொஞ்சமாக அவிழ்ந்தது. மூடிய கண்ணிலிருந்து நீர் வழிந்து காதுக்குள் போயிற்று.

"வலிக்கறதா?"

"இல்லை. பத்து வயசுல அம்மா எண்ணெய் தேச்சு விட்டா. அதுக்கப்புறம் என் மூஞ்சியை யாரும் தொட்டதில்லை மாமி."

பத்தைக் கழுவியதும் ஜெயலக்ஷ்மி கண்ணாடியைக் கேட்டு வாங்கிக்கொண்டாள். முகம் தெளிந்திருந்தது. மங்கும் இருந்தது.

"இன்னும் நாலு நாள் பண்ணினா இது போயிடுமா?"

ஆகட்டும் பார்ப்போம் என்று சொல்லியிருக்கலாம். அந்த வார்த்தை அனந்தலக்ஷ்மியின் நாக்கு நுனி வரை வந்தது. "போகாது மாமி. தோல் ஆறியிருக்கு, அவ்வளவுதான். மங்கு அங்கேயேதான் இருக்கும்" என்றாள்.

"அப்போ எதுக்கு வந்தேள்?"

கண்ணாடியைக் கவிழ்த்து வைத்துவிட்டு ஜெயலக்ஷ்மி உள்ளே போய்விட்டாள். டிராமில் வரும் வழியெல்லாம் அனந்தலக்ஷ்மிக்கு, மிஸஸ் ரொஸாரியோவாக இருந்தால் இதையே நோகாமல் சொல்லியிருப்பாள் என்று தோன்றியது. ஒரு தாயின் போட்டோவைக் கெடுத்துவிட்டோமோ என்ற எண்ணத்தில் அன்று அவளுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. பட்டாபிராமன் இரண்டு தரம் கேட்டுப் பார்த்துவிட்டு விளக்கை அணைத்தார்.

கப்பல் புறப்படுவதற்கு முந்தின நாள் சிவராமகிருஷ்ணன் அவளைத் தேடிக்கொண்டு வந்தான். நமஸ்காரம் பண்ணிவிட்டு, நின்றபடியே சொன்னான். போட்டோ எடுத்தாகிவிட்டது. கடைக்காரர் போட்டோவின் கண்ணாடித் தகட்டிலேயே மங்கு தெரியாமல் சுரண்டி எடுத்துத் தருவதாகச் சொன்னாராம். அம்மாதான் தடுத்திருக்கிறாள்.

"என்ன சொன்னா?" என்றாள் அனந்தலக்ஷ்மி.

"'ஒண்ணும் பண்ண வேண்டாம். அங்கே போய் எடுத்துப் பாக்கறச்சே இது யாரோன்னு இருக்கப்படாது'ன்னா."



கப்பல் போய் இரண்டு வாரம் கழித்து டாலிகஞ்சிலிருந்து மறுபடி ஆள் வந்தது. தயங்கிக்கொண்டேதான் போனாள். கூடத்தில் ஜன்னலெல்லாம் திறந்திருந்தது. அகன்ற பாத்திரத்தில் வெந்நீர், மடித்து வைத்த துணி, மணை எல்லாம் தயாராக இருந்தன. அனந்தலக்ஷ்மி வழக்கம்போல் வளையலை மேலே தள்ளினாள்.

"அதை விடுங்கோ" என்றாள் ஜெயலக்ஷ்மி. "இப்படி மணையிலே உக்காருங்கோ. எனக்கு அத்தனை நன்னா வராது. நீங்க என் மூஞ்சிக்குப் பண்ணினது ஞாபகமிருக்கற மட்டும் உங்களுக்குப் பண்றேன்."

"எனக்கென்னத்துக்கு மாமி..."

துணி வெந்நீரில் நனைந்து பிழியப்படும் சத்தம் கேட்டது. அனந்தலக்ஷ்மி கைகளை மடியில் போட்டுக்கொண்டாள். கண்ணை மூடி, முகத்தை நிமிர்த்திக் கொடுத்தாள்.