பினாங்குக்குப் போன கையெழுத்து

ஊசி தாளில் நேராக இறங்க வேண்டும். சாய்ந்தால் துளை நீண்டுவிடும். நீண்ட துளையில் பொடி கூடுதலாக விழுந்து கோடு தடித்துவிடும். இடது கட்டைவிரல் தாளை அழுத்திப் பிடித்திருந்தது. வலது கை, அடியில் மடித்துப் போட்ட கம்பளி வரை ஊசியை இறக்கி இறக்கி எடுத்தது. பேனா அழுந்தி நின்ற இடங்களில் துளைகள் நெருங்கின. விரைந்து கடந்த இடங்களில் விலகின.

நிஷாத் பேகத்துக்கு இது பழகிய வேலை. திருத்தணியில் மலைப்படிக்குப் போகும் தெருவில் இருந்துகொண்டு, காவடிகளில் தொங்கவிடும் வெல்வெட்டுக்குப் பூவேலை செய்து கொடுப்பவள். மயிலோ வேலோ, முதலில் தாளில் வரைந்து துளையிடுவாள். அதைத் துணிமேல் விரித்துச் சுண்ணாம்புப் பொடி கட்டிய துணி முடிச்சால் தட்டினால், உருவம் புள்ளி புள்ளியாகத் துணியில் இறங்கும். ஆனால் இன்று தாளில் இருந்தது மயில் அல்ல. அவள் கணவன் ஷபியுல்லாவின் கையெழுத்து.

ஜப்பான் சண்டைக்கு முன்னால், பினாங்குக்குக் கப்பலேறும்போது, அவன் பட்டணத்தில் ஒரு பாங்கியில் கணக்குத் திறந்தான். எழுதப் படிக்கத் தெரியாதவன். கைநாட்டு வைக்கவோ வெட்கம். நாலாவது வரை படித்திருந்த நிஷாத் அவன் பெயரை எழுதிக் காட்டினாள். அவன் அதைப் படமாகப் பார்த்து வரைந்து பழகினான். கடைசி எழுத்தின் காலை மட்டும் கீழே இழுத்து, ஆட்டு வாலைப்போல வளைத்துவிடுவான். பாங்கியில் பதிந்த கையெழுத்தும் அப்படித்தான்.

சண்டைக் காலத்தில் கடிதமே இல்லை. முடிந்த பிறகு வந்த முதல் கடிதம் அவனே எழுதியது. வியாபாரம் படுத்த நாட்களில் கடைக் கணக்குப்பிள்ளையிடம் கற்றுக்கொண்டானாம். வரிகள் சற்றே சாய்ந்து சரளமாக ஓடின. நிஷாத் அதைத் தெருவெல்லாம் காட்டினாள்.

இந்த வருஷம் வீட்டுக்காரர் தணிகாசலம் வீட்டை விற்கப்போவதாகச் சொன்னார். ஆடிக் கிருத்திகைக்குள் முன்பணம் தந்தால் வீடு அவளுக்கு. இல்லையென்றால் சாப்பாட்டுக் கடை வைக்க வரும் ஆளுக்கு. அந்தத் தெருவை விட்டால் காவடிக்காரர்கள் அவளைத் தேடி வரமாட்டார்கள். பணத்தை மனைவியிடம் கொடுக்கும்படி ஷபியுல்லா பாங்கிக்கு எழுதிக் கையெழுத்துப் போட்டான். திரும்பி வந்தது. அங்கே ஓர் அதிகாரி முன்னிலையில் மறுபடி போட்டான். அதுவும் திரும்பியது.

நிஷாத் ரயிலேறிப் பட்டணம் போனாள். குமாஸ்தா பரசுராமன் இரண்டு கையெழுத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார்.

"இது யாரோ படிச்சவர் போட்டதும்மா. எங்ககிட்ட இருக்கறது எழுதத் தெரியாத ஆளோடது."

"ரெண்டும் அவருதாங்க. இப்ப கத்துகினாரு."

"கத்துகினது நல்லதுதான். ஆனா எந்த ஆளை நம்பி நான் பணத்தக் குடுக்கறது? பழைய மாதிரி போட்டு அனுப்பச் சொல்லுங்க. இல்லன்னா நேர்ல வரட்டும்."

ஷபியுல்லா முயன்று பார்த்தான். தாள் நிறையப் போட்டு அவளுக்கு அனுப்பினான். ஒன்றுகூட ஒத்துவரவில்லை. எழுதத் தெரிந்த கை வரைய மறுத்தது. 'என் பெயரே எனக்கு வரவில்லை' என்று அடியில் எழுதியிருந்தான்.

பக்கத்து வீட்டுப் பூக்காரி பங்காரு இதைக் கேட்டுச் சிரித்தாள்.

"அட பாயம்மா, அந்த எழுத்தக் கத்துக்குடுத்தவளே நீதானே? நீயே போட்டுக் குடுத்துடு. உன் எழுத்த நீ போட்டா அது திருட்டா?"

"போட வரும்க்கா. வாலு மொதக்கொண்டு வரும்."

"அப்புறம் இன்னாத்துக்கு ரோசன பண்ணிகினு குந்தியிருக்கற? கிருத்திகை வந்துட்டா உன் மயிலெல்லாம் ரோட்டுலதான் ஆடும்."

"ஒரு வாட்டி நான் போட்டா அப்புறம் எப்பவும் நான்தான் போடணும். அவரு வந்து அந்தப் பாங்கியில நின்னா, அவரையே பொய்யன்னு தொரத்துவாங்க."

"வூடு?"

நிஷாத் அடுப்பைத் திரும்பிப் பார்த்தாள். முந்தின நாள் ஒரு துண்டுத் தாளில் போட்டுப் பார்த்திருந்தாள். அச்சாக வந்தது. உடனே அடுப்பில் போட்டுவிட்டாள்.

தணிகாசலத்திடம் ஐப்பசி வரை தவணை கேட்டாள். "நான் பொறுப்பேம்மா. வாங்கறவன் பொறுக்கணுமே" என்றார் அவர்.

ஷபியுல்லா கப்பலேறும் முன் வரைந்து பழகிய தாள் துணிப்பெட்டியின் அடியில் விரிப்பாகக் கிடந்தது. அதில் கடைசியாகப் போட்டதையே அவள் எடுத்துக்கொண்டாள். அதைப் போட்ட கையோடுதான் அவன் பாங்கிக்குப் போனான்.

வாலின் கடைசித் துளையைக் குத்தி முடித்தபோது அரக்கோணத்து கலீமுல்லா வாசலில் வந்து நின்றார். ஷபியுல்லாவோடு பினாங்கில் கடையில் இருப்பவர். விடுமுறை முடிந்து கப்பலுக்குப் போகிறவர்.

"இன்னா தங்கச்சி இது, கரையான் தின்ன காகிதமாட்டம் இருக்குது?"

"மடிச்சிடாதீங்க பாயிஜான், தொள மூடிக்கும். வெளக்குக் கரியத் துணியில முடிஞ்சி, இத வெள்ளத் தாளு மேல வெச்சித் தட்டச் சொல்லுங்க. புள்ளிமேலயே போட்டுப் போட்டுப் பழகட்டும். கை வந்ததும் புள்ளி இல்லாமப் போட்டு பாங்கிக்கு அனுப்பட்டும்."

"அவன் இப்ப கடையில எல்லாருக்கும் கடுதாசி எழுதிக் குடுக்கறவன். கோச்சிக்கப் போறான்."

"கோச்சிக்கட்டும். எழுத வேணாம், வரையணும்னு சொல்லுங்க."

"இது போயி, அது வர்றதுக்குள்ள கிருத்திகை தாண்டிடுமே?"

"ஆங், தாண்டிடும்."

அவள் தாளை இரண்டு அட்டைகளுக்கு நடுவில் வைத்தாள். நான்கு ஓரத்தையும் நூலால் தைத்து, முடிச்சைப் பல்லால் கடித்து, அவரிடம் நீட்டினாள். கலீமுல்லா பெட்டியைக் கீழே வைத்துவிட்டு இரண்டு கைகளாலும் வாங்கிக்கொண்டார்.