காதோடு சொன்ன பிரஷர்

பிள்ளைகளா, அப்பா கிளினிக்கில் வேலை பார்த்தவர் என்றுதான் உங்களுக்குத் தெரியும். அதற்கு முன்னால், துபாய்ப் பக்கம் ராஸ் அல் கைமாவில் ஒரு டைல்ஸ் கம்பெனியில் சூளைப் பக்கம் நின்ற ஆள் நான். படிப்பு பத்தாவதோடு சரி. கம்பெனி கிளினிக்கில் உதவியாளர் வேலை காலியானது. சான்றிதழ் இருந்தால் தருவோம் என்றார்கள். அந்தச் சூட்டை விட்டு வெளியே வர எனக்கு வேறு வழி தெரியவில்லை. வெள்ளிக்கிழமைதோறும் பஸ் பிடித்து ஷார்ஜா ரோலாவுக்குப் போனேன். துணிக்கடைக்கு மேல்மாடியில் நடந்த சமுதாயக் கல்லூரியில் சுகாதார உதவியாளர் படிப்பு.

எலும்பு, இதயம், ரத்தம் எல்லாவற்றையும் மனப்பாடம் செய்துவிட்டேன். பிரஷர் பார்ப்பதுதான் வரவில்லை. ஸ்டெதாஸ்கோப்பில் அந்தத் துடிப்பு எங்கே தொடங்குகிறது, எங்கே நிற்கிறது என்றே பிடிபடாது. கல்லூரியில் ஒரு பிரஷர் கருவியை இரவல் கொடுத்து, ரூமில் பழகச் சொன்னார்கள். செய்முறைத் தேர்வில் அதுதான் முக்கியம்.

தொழிலாளர் கேம்பில் என்னோடு ரூமில் தங்கியிருந்த ஒருத்தரும் கையை நீட்டவில்லை. விசாவுக்கான மெடிக்கலில் தேறாமல் ஊருக்குத் திரும்பியவர்களைப் பார்த்த பயம்.

"மாப்ள, நீ பாட்டுக்கு நம்பரைச் சொல்லிப்புடுவ. அது கேம்ப் பாஸ் காதுக்குப் போகும். அப்புறம் நான் கலாஸ், ஊருக்குத்தான்!" என்றார் பக்கத்துக் கட்டில்காரர்.

"இதுக்கெல்லாம் அனுப்ப மாட்டாங்க மாமா."

"அதை விசா குடுத்த கபீல்கிட்ட எழுதி வாங்கிட்டு வா."

மெஸ்ஸில் சமைக்கும் கீழக்கரை பாய்தான் வழி சொன்னார். "சத்தமா சொல்லாதீங்க தம்பி. அவனவன் காதுல மட்டும் சொல்லுங்க. இந்தாங்க என் கை."

அதற்குப் பிறகு டூட்டி முடிந்து குளித்துவிட்டு ஒவ்வொருவராக வந்தார்கள். "டாக்டரு, ஊசி கிடையாதுல்ல?" என்று கிண்டல் வேறு. நான் காதோரம் குனிந்தால் கூசுகிறது என்று சிலர் நெளிவார்கள். பக்கத்துக் கட்டில்காரருக்குக் கூடுதலாக இருந்தது. காதில் சொன்னேன். மறுநாள் தட்டிலிருந்த ஊறுகாயை ஓரமாகத் தள்ளினார்.

"என்ன, இன்னைக்கு ஊறுகா மாஃபியா? வேணாமா?" என்றார் பாய்.

"வாய்ப்புண்ணு."

கொஞ்ச நாளில் அவராகவே டாக்டரிடம் போய் மாத்திரை வாங்கிக்கொண்டார்.

தேர்வு நாளன்று எனக்குக் கொடுத்த நோயாளி பாகிஸ்தான்காரரான ஒரு பட்டாணி டிரைவர். பனைமரம் மாதிரி கை. பட்டையைச் சுற்றிக் காற்றடித்தேன், இறக்கினேன், துடிப்பு தெளிவாகக் கேட்டது. பக்கத்தில் தேர்வாளர் மேடம் நிற்பதே மறந்துபோய், டிரைவர் காதருகே குனிந்து எண்ணைச் சொல்லிவிட்டேன்.

டிரைவர் வெடித்துச் சிரித்தார். "அச்சா டாக்டர்!"

"ஏம்ப்பா, நோயாளிக்கு ரகசியம், எனக்கு ஒண்ணும் கிடையாதா?" என்றார் மேடம். கேம்ப் கதையைத் தட்டுத்தடுமாறிச் சொன்னேன். அவர் தாமே ஒரு தடவை பார்த்தார். எண் சரியாக இருந்தது.

"பாஸ்தான். ஆனா கிளினிக்ல டாக்டருக்கும் கேக்கணும், ஞாபகம் வச்சுக்க."

கேம்புக்குத் திரும்பியபோது ரூமில் ஆளில்லை, எல்லாரும் டூட்டியில். கருவியைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். பட்டையை முகர்ந்து பார்த்தேன். எத்தனை பேர் வியர்வை, சோப்பு, தேங்காய் எண்ணெய்! உள்ளேயிருந்த ரப்பர் பையை உருவி எடுத்துவிட்டு, துணியை மட்டும் குழாயடியில் அலசி, கொடியில் காயப்போட்டேன்.