தடியன் வாயில் இருந்தது

என் மதினி மகாதேவிக்கும் பொறுமைக்கும் ஏழாம் பொருத்தம். உலை கொதிக்கும் முன்பே அரிசியைப் போட்டுவிட்டு, சோறு குழைந்துவிட்டது என்று அடுப்பைத் திட்டுவாள். கொடைக்கானல் பஸ் வர ஐந்து நிமிஷம் பிந்தினால் போதும், "இவன் வந்து நான் போயி விடிஞ்சிரும்" என்று நடக்க ஆரம்பித்துவிடுவாள். பாதி வழியில் அதே பஸ் அவளை ஏற்றிக்கொள்ளும். என் அண்ணன் சின்னச்சாமியைக் கட்டிக்கொண்டு வந்த நாளிலிருந்து அவள் சும்மா உட்கார்ந்து நான் பார்த்ததே இல்லை. எங்கள் காடும் அவர்கள் காடும் பக்கத்துப் பக்கத்தில் என்பதால் இதையெல்லாம் தினமும் பார்க்கிறவள் நான்.

அப்பேர்ப்பட்டவள் ஒரு நாய்க்குட்டியோடு காய்கறி ஜீப்பிலிருந்து இறங்கியபோது ஊரே சிரித்தது. அட்டுவம்பட்டியில் யாரோ பூட்டிவிட்டுப் போன பங்களாவில் சங்கிலியோடு பட்டினி கிடந்த குட்டி அது. கிரேட் டேன் சாதி. ஆளற்ற நாய்களை எடுத்து வளர்க்கிற ஜோதிமணி என்ற அம்மா அதை மீட்டு வைத்திருந்தார். கேரட் மூட்டை இறக்கப் போன இடத்தில் மதினி பார்த்திருக்கிறாள்.

"விலா எலும்ப எண்ணிரலாம் போல இருந்துச்சு. விட்டுட்டு வர மனசு வரல" என்றாள்.

ஜோதிமணி அம்மா சும்மா கொடுத்துவிடவில்லை. வீட்டைப் பற்றி, காட்டைப் பற்றி எல்லாம் கேட்டுவிட்டு, "இவனுக்கு உங்ககிட்ட பத்திரம் இல்லன்னு தெரிஞ்சா நானே வந்து தூக்கிட்டுப் போயிருவேன்" என்று சொல்லித்தான் அனுப்பினாராம்.

நாலு மாதக் குட்டி. நிற்கிற உயரத்துக்குக் கன்றுக்குட்டி. மதினி அதற்குத் தடியன் என்று பேர் வைத்தாள். குளிரில் நடுங்குகிறான் என்று அண்ணனின் ஸ்வெட்டரை வெட்டி மாட்டிவிட்டாள். அண்ணனுக்கு ஸ்வெட்டர் போனதில்கூட வருத்தமில்லை. மேல்காட்டு உருளைக்கிழங்கைப் பன்றிகள் கிளறிப்போட்டுக்கொண்டிருந்தன. இவ்வளவு பெரிய நாய் காவலுக்காவது ஆகும் என்று நம்பியிருந்தான். தடியனோ தவளையைக் கண்டாலே மதினியின் சேலைக்குள் புகுந்துகொள்வான்.

"இது பன்னியப் பாத்தா கும்புடு போடும்" என்று அண்ணன் தலையில் அடித்துக்கொண்டான்.

பட்டினியில் ஒட்டிக்கொண்ட பழக்கம் ஒன்று அவனிடம் இருந்தது. வாயில் எதையாவது வைத்திருக்கும்போது யாராவது நெருங்கினால், பறிக்க வருகிறார்கள் என்று நினைத்து அவசரமாகக் கடித்து விழுங்கிவிடுவான். ஒருமுறை கந்தல் துணியை மதினி பிடுங்கப் போய், அது முழுசாக உள்ளே போய், வெளியே வருகிறவரை அவள் அவன் பின்னாலேயே அலைந்தாள்.

அன்று மத்தியானம் நானும் அவளும் பூண்டுக்குக் களை எடுத்துக்கொண்டிருந்தோம். பள்ளத்திலிருந்து மேகமூட்டம் ஏறிக்கொண்டிருந்தது. மேல்வேலிப் பக்கமிருந்து தடியன் துள்ளிக்கொண்டு வந்தான். வாயில் உருண்டையாக ஏதோ இருந்தது.

கிழங்கு என்றுதான் முதலில் நினைத்தேன். கிட்டே வந்தபோது சுற்றியிருந்த சணலும் பூசியிருந்த கொழுப்பும் தெரிந்தன. அவுட்டுக்காய். பன்றிக்குத் திருட்டுத்தனமாக வைக்கிற வெடி. கடித்தால் தாடை இருக்காது. போன வருஷம் கீழ்த்தெருப் பசு ஒன்று அதைக் கடித்துவிட்டு, பாதி முகம் இல்லாமல், சாகவும் முடியாமல் நின்றதைப் பார்த்தவள் நான். கத்திக்கொண்டே எழப் போனேன்.

மதினி என் சேலையைப் பிடித்து இழுத்து உட்காரவைத்தாள்.

"கத்தாத பிரியா. கிட்டப் போனா கடிச்சிருவான்."

நாலு பாத்தி தள்ளி நின்று தடியன் வாலை ஆட்டினான். என்னமோ புதையல் கொண்டுவந்த பெருமை அவனுக்கு. மதினி அவனுக்கு முதுகைக் காட்டித் திரும்பி உட்கார்ந்துகொண்டு, மறுபடியும் களை பிடுங்க ஆரம்பித்தாள்.

"என்ன மதினி செய்றீங்க?"

"நம்ம பாக்கலைன்னா அவனுக்குப் பொறுக்காது. கீழ போட்டுட்டு வருவான். நீ ஓரக்கண்ணால பாத்துச் சொல்லு. சிரிச்சாப்புல சொல்லு."

"நிக்கிறான்."

"வாயில?"

"இருக்கு."

சிரித்த மாதிரி முகத்தை வைத்துக்கொள்வது எவ்வளவு கஷ்டம் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. தடியன் கொஞ்ச நேரம் பார்த்தான். பிறகு அங்கேயே படுத்து, முன்னங்கால்களுக்கு நடுவே உருண்டையை வைத்துக்கொண்டான்.

"மதினி, படுத்துட்டான். கொழுப்ப நக்குறான்."

நக்கித் தீர்ந்ததும் கடிப்பான். அது அவளுக்கும் தெரியும். கூப்பிட்டால் வாயில் கவ்விக்கொண்டுதான் வருவான், எழுந்தால் விழுங்குவான். உட்கார்ந்தே இருப்பதைத் தவிர வழியில்லை. ஒரு நிமிஷம் உட்காரத் தெரியாதவள் உட்கார்ந்திருந்தாள். அவள் கை மட்டும் நிற்கவில்லை. களையோடு சேர்த்து நல்ல பூண்டுச் செடிகளையும் பிடுங்கிப் போட்டுக்கொண்டிருந்தது. நான் சொல்லவில்லை.

"பல்லு படுது, மதினி."

அவள் கண்ணை மூடித் திறந்தாள். பிறகு பிடுங்கிய களைக்கொத்து ஒன்றை மடியில் எடுத்து வைத்துக்கொண்டு, கொஞ்சத் தொடங்கினாள்.

"யாரு இது? எங்க தங்கமா? நீதான்டா நல்ல பிள்ள. அந்தத் தடியன் வேணாம் நமக்கு. உனக்குத்தான் இன்னைக்கிப் பால்சோறு."

குரல் தேன் மாதிரி இருந்தது. மேலுதட்டில் வேர்வை முத்து முத்தாக நின்றது. தடியன் தலையைத் தூக்கினான். எழுந்தான்.

"வாயில?" என்றாள், கொஞ்சுகிற குரலிலேயே.

அவன் குனிந்தான், உருண்டையை முகர்ந்தான், மறுபடியும் அவள் பக்கம் பார்த்தான்.

"வெறும் வாயோட வாறான்."

வந்தவன் அவள் கக்கத்துக்குள் தலையை நுழைத்து, அந்தக் களைக்கொத்தைத் தள்ளிவிட்டான். மதினி இரண்டு கையாலும் அவன் கழுத்தைக் கட்டிப் பிடித்துக்கொண்டாள். இருவருமாக இழுத்துக்கொண்டு போய் வீட்டுக்குள் விட்டுக் கதவைச் சாத்தினோம்.

கதவு சாத்திய சத்தம் கேட்டு அண்ணன் வந்தான். அவுட்டுக்காய் என்று நான் சொன்னதும் மாறிய அவன் முகத்தைப் பார்த்ததுமே, வைத்தது அவன்தான் என்று எனக்குப் புரிந்துவிட்டது. மதினிக்கும்.

"எத்தன வச்சீங்க?" என்றாள்.

"பன்னிக்குத்தான் புள்ள வச்சேன். இது அங்க போகும்னு யாரு கண்டா?"

"எத்தனன்னு கேட்டேன்."

"ரெண்டு. இனிமே அதக் கட்டிப் போடு."

"நாயவா, உங்களையா?"

எனக்கு அண்ணன்மேல் வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. கூடப் பிறந்தவனாயிற்றே என்று பல்லைக் கடித்துக்கொண்டேன்.

"வனத்துறைக்குப் போன் போடுங்க. நீங்களாச் சொல்றீங்களா, நான் சொல்லட்டுமா? அவங்க வாற வரைக்கும் ஆடு மாடு வராம அங்கயே நில்லுங்க."

அவனே சொன்னான். அதற்காக ஸ்டேஷன், கோர்ட் என்று பிறகு அவன் அலைந்தது தனிக் கதை. அன்று வனத்துறைக்காரர்கள் வந்து, பூண்டுப் பாத்தியில் கிடந்ததையும் வேலியில் இருந்ததையும் எடுக்கிறவரை காட்டிலேயே நின்றான்.

மதினி ஜோதிமணி அம்மாவுக்குப் போன் செய்தாள். மறைப்பாள் என்று நினைத்தேன். அவள் ஒன்றையும் மறைக்கவில்லை.

"வெளியாளு இல்லம்மா. எங்க வீட்டு ஆளுதான் வச்சது. நீங்க கேட்டா இவனத் திருப்பிக் குடுத்துருவேன்." தடியனின் காதைத் தடவினாள். "கேக்காதீங்கம்மா."

தடியன் அவள் காலடியில் படுத்துக் கொட்டாவி விட்டான். இதோ திருப்பிக் கேட்கப் போகிறார் என்று நானும் போன் பக்கத்தில் காதை வைத்தேன்.

"சாப்ட்டானா?" என்றார் அவர்.

மதினி பதில் சொல்ல வாயைத் திறந்தாள், அழுகைதான் வந்தது. நான் போனை வாங்கி, "இல்லங்க, இப்பத்தான் சோறு வைக்கப் போறோம்" என்றேன்.